ஐந்து ரூபாய்த் தவறும் ஒரு கோடி ரூபாய்ப் பெருமையும்

தென்னக ரயில்வேயின் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஒரே நிதியாண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் வசூலித்ததை 2023 மார்ச்சில் ரயில்வே அமைச்சகம் சமூக ஊடகத்தில் பாராட்டியது. நாளேடுகளும் அதைச் சாதனைச் செய்தியாக வெளியிட்டன. அந்த ஊழியர்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. கொடுத்த வேலையைச் செம்மையாகச் செய்திருக்கிறார். பாராட்டியவர்கள் கையில் வைத்திருந்த அளவுகோல்தான் தவறானது. ஆண்டுதோறும் நிதியாண்டு முடிவில் ரயில்வே கோட்டங்கள் வெளியிடும் அறிவிப்புகளிலும் அதே அளவுகோலைப் பார்க்கலாம்: இத்தனை வழக்குகள், இத்தனை கோடி வசூல், போன ஆண்டைவிட இவ்வளவு அதிகம். தண்டனையாக இருக்கவேண்டிய தொகை அங்கே வருமானமாகவே எண்ணப்படுகிறது. சென்னை மின்சார ரயிலில் நடக்கும் செக்கிங்கின் குறைகள் பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

டிக்கெட் எடுக்காமல் போவது திருட்டு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் அதைவிடவும் மலிவு. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடு மட்டுமே கட்டணமாகத் திரும்புகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். அந்த நிலையில் ‘வித்தவுட்’டில் போகிறவரின் சுமையை அடுத்த இருக்கைக்காரர் சுமக்கிறார். மெட்ரோவில் இருப்பதுபோல் அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவு கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் கிடையாது. மேம்பாலம் வழியாகவும் நடைமேடையின் கோடியிலிருந்தும், ஆபத்தைப் பாராமல் தண்டவாளத்தைக் கடந்தும் யாரும் உள்ளே வரலாம். பரிசோதகரே இல்லையென்றால் கவுன்ட்டர் வரிசையில் நிற்பதற்கு நேர்மையைத் தவிர வேறு காரணம் இருக்காது. சோதனை வேண்டும். எப்படிப்பட்ட சோதனை என்பதுதான் என் கேள்வி.

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ஏமாற்றுகிறவரையும் தவறியவரையும் பிரித்தே பார்க்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்தவருக்கு 137-ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு நீதிமன்றம் வேண்டும், எண்ணத்தை நிரூபிக்கவும் வேண்டும். 138-ஆம் பிரிவு எண்ணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டவுடன் உரிய டிக்கெட்டைக் காட்டத் தவறினால், பயணக் கட்டணத்தோடு அதற்கு இணையான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைக் கட்டவேண்டும். 5 ரூபாய்ப் பயணத்தில் அந்தக் கூடுதல் தொகை மட்டுமே கட்டணத்தைப்போல் ஐம்பது மடங்கு. இந்த இரண்டோடு, அதிகம் பேர் அறியாத 55-ஆம் பிரிவும் உண்டு. டிக்கெட் எடுக்க முடியாமல் போனவர் ரயில்வே ஊழியரின் அனுமதியோடு, பிறகு கட்டணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, ஒரு சான்று பெற்று ஏறலாம். அந்தச் சான்று இருந்தால் கூடுதல் கட்டணம் கிடையாது. நேர்மையானவருக்காக இந்த வழியைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அரை நிமிடம் நிற்கும் வண்டியில், கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டைத் தேடி ஓடி யார் சான்று வாங்கமுடியும்? அப்படி ஒரு சான்று இருப்பதாகச் சொல்லும் பலகையை எத்தனை நிலையங்களில் வைத்திருக்கிறார்கள்?

ஆக மூன்றில் 138 மட்டுமே நடைமுறையில் மிஞ்சுகிறது. வசூலுக்கு அதுதான் எளிது. ஒருவர் பணம் கட்டி எடுத்த சீசன் டிக்கெட்டை வேறு பையில் வைத்துவிட்டு வந்தால், அவரால் ரயில்வேக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. ஆனாலும் அவரும் ஒரு வழக்கு. ஊருக்குப் புதியவர் ஒருவர் நெரிசலில் கண்ணெதிரே நின்ற பெட்டியில் ஏறிவிட்டு, அது முதல் வகுப்பு என்று அடுத்த நிலையத்தில்தான் உணர்கிறார். அவரும் ஒரு வழக்கு. நிலைய வளாகத்துக்குள் வந்தபிறகு, அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைப் பயன்படுத்தாமல், ரயில்வேயின் கைப்பேசிச் செயலியில் காகிதமில்லா டிக்கெட் எடுக்கமுடியாது. அது தெரியாமல் நடைமேடையில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே வண்டி ஏறிவிட்டவரும் அப்படியே. மூவரும் தவறியவர்கள்தான். ஆனால் நாள்தோறும் வித்தவுட்டில் போய்வருகிறவர் இவர்களைப்போல் சிக்குவதில்லை. எந்தப் படிக்கட்டில் வெள்ளைச் சட்டை நிற்கும், எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் இறங்கினால் வெளியே போய்விடலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வசூலை அளவாக வைத்தால், பரிசோதகரின் ஒரு மணி நேரத்துக்கு எளிதில் கிடைப்பவர் முதல் மூவர்தான். கூட்டம் இறங்கும் பெரிய நிலையத்தின் மேம்பாலத்தடியில் காலை நேரத்தில் நின்றால் எண்ணிக்கை ஏறும். ஆளில்லாத சிறு நிலையத்தில் இரவில் நின்று, பழகிய ஏமாற்றுக்காரர் ஒருவரைப் பிடித்தால் அதே 250 ரூபாய், உழைப்போ பத்து மடங்கு. இலக்கு எதைக் கேட்கிறதோ அதைத்தான் ஊழியர் கொண்டுவருவார்.

சோதனை பலன் தந்தால் வித்தவுட் குறையவேண்டும், அபராதமும் குறையவேண்டும். ஆண்டுக்காண்டு வசூல் ஏறுகிறது என்று பெருமைப்படும் அறிவிப்பு, நேற்றைய அபராதம் இன்று யாரையும் திருத்தவில்லை என்ற ஒப்புதலாகவே எனக்குப் படுகிறது. சோதனைகளை அதிகப்படுத்தினோம், அதனால் வசூல் கூடியது என்று பதில் வரலாம். அப்படியானால் எத்தனை பேரைச் சோதித்ததில் இத்தனை பேர் சிக்கினார்கள் என்று சொல்லுங்கள். நூறு பேரில் எட்டு பேர் என்பது மூன்றாகக் குறைந்திருந்தால் அதுவே சாதனை. அந்த எண்ணைத்தான் இந்த அறிவிப்புகளில் காண முடிவதில்லை.

இரக்கம் காட்டினால் எல்லோரும் சாக்குச் சொல்வார்கள் என்பது இன்னொரு வாதம். சொல்வார்கள்தான். ஆனால் சாக்கைச் சரிபார்க்க வழியே இல்லாத காலம் போய்விட்டது. சீசன் டிக்கெட்டின் விவரம் கணினியில் இருக்கிறது, அடையாள அட்டை பயணியிடம் இருக்கிறது. ஜெர்மனியின் நகர ரயில்களிலும் நம்மைப்போலவே கதவுகள் இல்லை. அங்கே டிக்கெட் இல்லாதவருக்கு 60 யூரோ. ஆனால் பெயர் பதிந்த மாதச் சீட்டை வீட்டில் விட்டுவந்தவர் ஒரு வாரத்துக்குள் அதைக் காட்டினால் 7 யூரோவோடு முடிந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் சாக்குச் சொல்லித் தப்பிவிடவில்லை. பணம் கட்டியவரையும் கட்டாதவரையும் பிரிப்பது கண்டிப்பைத் தளர்த்துவதாகாது. கண்டிப்பு சரியான ஆள்மீது விழ அதுதான் வழி.

தவறியவர்களிலும் வலி எல்லோருக்கும் ஒன்றில்லை. சம்பளக்காரருக்கு 255 ரூபாய் எரிச்சல், தினக்கூலிக்கு அது அன்றைய வீட்டுச் செலவு. கையில் அந்தப் பணம் இல்லாதவர் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்படலாம். அங்கும் கட்டமுடியாமல் போனால் பத்து நாள் முதல் ஒரு மாதம் வரை சிறைக்குச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து ரூபாயில் தொடங்கிய விஷயம் இது. தனியே வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லை என்பதற்காக வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் இறக்கிவிடக்கூடாது, இறக்குவதானாலும் பகலில்தான் இறக்கவேண்டும் என்று 139-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நாடாளுமன்றம் அந்த அளவுக்கு யோசித்திருக்க, நடைமேடையில் நாலு பேர் பார்க்க ஒருவரைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திக் குரலை உயர்த்துவதற்கு எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை.

இதை மாற்றச் சட்டத்தில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. 55-ஆம் பிரிவின் சான்றை ஒவ்வொரு நிலையத்திலும் கிடைக்கச் செய்யலாம். பழுதான டிக்கெட் எந்திரத்தின் எதிரில் வரிசை நீளும்போது அந்த நிலையத்தில் செக்கிங்கை நிறுத்தி வைக்கலாம். பரிசோதகருக்கு விதிக்கும் வசூல் இலக்கை எடுத்துவிடலாம். அடுத்த ஏப்ரலில் கோட்டத்தின் அறிவிப்பு நாளேட்டில் வரும்போது, கோடிகளைப் படித்ததோடு நிற்காமல், சோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கோட்டத்துக்கே எழுதிக் கேளுங்கள்.