காற்புள்ளிக்கும் காலம் உண்டு

கர்நாடக இசைப் பாடப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது சாகித்யத்துக்கு மேலே நிற்கும் ஸ்வர வரி. கால அளவைச் சொல்ல அது புதுக் குறிகளைத் தேடி எங்கும் போகவில்லை. ‘ப’ என்றால் ஓர் அட்சரம், ‘பா’ என்றால் இரண்டு. குறிலும் நெடிலும்தான் நம் எழுத்திலேயே இருக்கின்றனவே! இன்னும் நீட்ட வேண்டுமா? காற்புள்ளிக்கு ஓர் அட்சரம், அரைப்புள்ளிக்கு இரண்டு. ‘பா ;’ என்று கண்டால் நான்கு எண்ணும் வரை பஞ்சமத்திலேயே நிற்க வேண்டும். ஸ்வரங்களின் தலைக்கு மேல் ஒரு கோடு விழுந்தால் வேகம் இரட்டிப்பு.

செங்குத்துக் கோடுகள் தாளத்தின் அங்கங்களைப் பிரிக்கும்: ஆதியில் 4, 2, 2, ரூபகத்தில் 2, 4. மேலை இசையில் தொடக்கத்திலேயே 3/4, 6/8 என்று எழுதிவிடுவார்கள். இரண்டிலும் ஒரு கட்டத்துக்குள் ஆறு எட்டாம் பங்கு ஸ்வரங்கள்தான். முன்னதில் மூன்று இரண்டுகள், பின்னதில் இரண்டு மூன்றுகள். பாடினால் நடையே வேறு.

நம் முறையில் சிக்கனம் அதிகம், ஆபத்தும் அதிகம். ஆதி தாள வரிசையில் ஒரு காற்புள்ளி அச்சில் விடுபட்டால் போதும்: குரல் அடுத்த ஆவர்த்தனத்தைத் தொடங்கிவிடும், கை இன்னும் கடைசி வீச்சில் இருக்கும்.