வரைபடத்தில் இல்லாத மலையகம்

மலையகத்துக்கு எந்த அரசும் எல்லை வகுத்ததில்லை. கொழும்பின் பார்வையில் அது மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். டில்லிக்கோ இந்திய வம்சாவளியினர் வாழும் இடம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டது தலைக்கணக்கில்: 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அவர்கள் பண்படுத்திய காணி யாருடையது என்ற கேள்வி எழவேயில்லை.

தமிழ்த் தேசியத்துக்குள்ளும் ஒருமித்த வரைபடம் இல்லை. ஈரோஸ் இயக்கம் மலையகத்தையும் ஈழத்துக்குள் சேர்த்தது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் கோரிய தனிநாடு வடக்கு கிழக்கோடு நின்றது. மலையகத் தலைவர் தொண்டமான் அந்தத் தீர்மானத்திலிருந்து ஒதுங்கினார். ஒதுங்கியது சரிதான். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த தோட்டங்களில் கோடு போட்டால் முதல் அடி தொழிலாளர் லயத்தில் விழும். போடாமலே 1977 கலவரத்தில் விழுந்ததே!

எல்லை இல்லாததில் பலமும் உண்டு. ஹட்டன் தேயிலைத் தொழிலாளியும் இரத்தினபுரி இறப்பர் தொழிலாளியும் ஒரே மக்களாக நின்று பேரம் பேச முடிந்தது. 1948இல் பறிபோன பிரஜாவுரிமை படிப்படியாகத் திரும்பி, 2003 சட்டத்தோடு ஏறக்குறைய முழுமை பெற்றதில் அந்த ஒற்றுமைக்குப் பங்குண்டு.

பலவீனத்தைப் பார்க்க மாத்தளைக்கு வரவேண்டும். இந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்தவர்கள் வந்து சேர்ந்த மலைவாசல் இது. அந்த வருகையின் இருநூறாண்டு நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணமும் ஆகஸ்ட் 12இல் இங்கேதான் நிறைவுற்றது. ஆனாலும் மலையகம் என்றால் கமராக்கள் நுவரெலியாவுக்குத்தான் போகும். மாவட்டத்தின் வடபகுதி தம்புள்ளைச் சமவெளி. தெற்கே தேயிலையோடு இறப்பர், கொக்கோ, மிளகு. கொழுந்துக்கூடைப் படத்துக்குள் இது அடங்காது. இங்குள்ள நக்கிள்ஸ் மலைக்காட்டுக்கு மட்டும் 2010இல் யுனெஸ்கோவின் துல்லியமான எல்லை கிடைத்தது, மரங்களையும் ஓணான்களையும் காக்க.

நடைபயணம் முடிந்த அதே ஆகஸ்டில், மாத்தளை மாவட்டத்து எல்கடுவ ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தார். அந்தக் குடும்பத்தினர் இலங்கைப் பிரஜைகள்தான். குடில் நின்ற மண் மட்டும் நிர்வாகத்தின் கையில். தோட்ட வீட்டுத்திட்டமும் பெரும்பாலும் தோட்டத்து வேலியோடு நின்றுவிடுகிறது. வேலைதேடி நகரக் கடைகளுக்குப் போன பிள்ளைகள் அதில் வருவதில்லை. தோட்டத்தை வைத்து மலையகத்தை அளக்கும்வரை, காணிக் கணக்கில் மாத்தளை விடுபட்டுக்கொண்டே இருக்கும்.