கடைக்காப்பும் முகவரியும்

ஆங் மோ கியோவில் வீடு தேடிச் செல்வோர்க்கு ஆறிலக்க அஞ்சல் எண் ஒன்றே பெருந்துணை. முதல் இரண்டு இலக்கங்களாகிய 56 வட்டாரத்தைக் காட்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடமாயின், இறுதி மூன்று இலக்கங்கள் கட்டட எண்ணாகவே அமையும். அக்கட்டட எண்ணின் முதல் இலக்கமோ, கட்டடம் நகரின் எப்பகுதியில் நிற்கிறதென்பதையும் சொல்லிவிடும். 1995 முதல் வழங்கும் முறை இது. முகவரிக்கு வேறொரு விளக்கச்சீட்டு வேண்டுவதில்லை. முகவரியே தன் விளக்கத்தைச் சுமந்து நிற்கிறது.

தமிழ்ப் பாட்டில் இம்முறைக்கு ஆயிரத்து முந்நூறாண்டுப் பழமை உண்டு. ஞானசம்பந்தர் பதிகங்களின் இறுதிப் பாட்டாகிய திருக்கடைக்காப்பை நோக்குக. பாடியவர் பெயர், அவர் பிறந்த ஊர், பாடப்பெற்ற தலம், ஓதுவார் பெறும் பயன் ஆகியவை பெரும்பாலும் அவ்வொரு பாட்டுள்ளேயே யாப்புக் கெடாமல் அடங்கிவிடுகின்றன. பிறந்த ஊரோ காழி, புகலி, சண்பை, கழுமலம் எனப் பன்னிரு பெயர்களுள் ஏதேனும் ஒன்றால் வரும். எனவே எதுகைக்கும் இடர் இல்லை.

சங்கப் பாடல்களுக்கு இக்காப்பு இல்லை. புலவர் பெயரும் திணை துறைக் குறிப்பும் பாட்டிற்கு வெளியே நின்றன. வெளியே நின்றவை ஏட்டோடு சிதைந்தன. குறுந்தொகையில் இயற்பெயர் கிட்டாத புலவர்களுக்கு, அவர்தம் பாட்டில் வந்த தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் எனப் பெயரிட வேண்டியதாயிற்று. பெயர்கள் அழகியவைதாம், ஆயினும் அவை ஒரு இழப்பின் மேல் நட்ட பூச்செடிகள் அல்லவோ?

இதற்கு மறுதலையாக ஒன்று காண்க. 1917-இல் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டில், ஏடுகளில் இல்லாத பதிகம் ஒன்று கிடைத்தது. அதன் இறுதிப் பாட்டில் காழி ஞானசம்பந்தன் என்னும் பெயர் இருந்தது. ஏடு மறந்ததை எழுத்துள் பொதிந்த பெயர் எடுத்துக் கொடுத்தது.

நம்மாழ்வார் இன்னும் நுட்பமாகச் செய்தார். திருவாய்மொழியின் பெரும்பாலான பதிக இறுதிகளும் பாடியவரைக் குருகூர்ச் சடகோபனாகவும், பதிகத்தை ஆயிரத்துள் ஒரு பத்தாகவும் அடையாளம் காட்டும். பன்னிரு திருநாமங்களைப் பாடும் பதிகத்தில் மட்டும் பத்து என்னும் கணக்குப் பன்னிரண்டாக மாறுகிறது! எண்ணோடு அந்தாதியும் சேர்ந்துகொள்வதால், இடையே ஒரு பாட்டு விழுந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

எனினும், திறனாய்வாளர் ஒன்றை ஒளிக்கலாகாது. சம்பந்தரின் கடைக்காப்புகள் சிலவற்றில் பயன்கூறும் பகுதி வாய்பாடாகத் தேய்ந்து, முன்னைப் பாட்டுகளின் ஒளிக்கு ஈடுகொடாமல் நிற்கிறது. குறிப்பைச் செருகினால் மட்டும் கவிதை ஆகிவிடாது. இந்த இடத்தில் சுந்தரரே வென்றார். தம் பெயரைச் சொல்லுமிடத்தில் சிங்கடிக்கும் வனப்பகைக்கும் தந்தை என்று தம்மைக் குறித்துக்கொள்கிறார். கோட்புலியார் மக்களைத் தம் மக்களாக ஏற்ற செய்தி அவ்வொரு சொல்லில் வந்துவிடுகிறது. பெயர்ச்சீட்டு அன்பின் சுவடாக மாறிவிட்டது. திருப்பாவையின் முப்பதாம் பாட்டும் அவ்வாறே; ஊர், தந்தை, மகள், பாட்டின் தொகை ஆகிய எல்லாம் உண்டு; ஒட்டுப்போட்ட தையல் தெரிவதில்லை.

வகுப்பறைகளில் நிகழ்வது என்ன? நேரம் போதாதெனின் முதலில் கைவிடப்படுவது இறுதிப் பாட்டே. மனப்பாடப் பகுதியில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. முத்திரையைக் கிழித்துவிட்டுக் கடிதத்தைக் கொடுப்பது போன்றது இது. அதே ஆசிரியர் தாம் கணினியில் தட்டச்சுச் செய்யும் பாடக்குறிப்பிலும் நூற்பெயரையும் நாளையும் கோப்பின் தலைப்பில் மட்டும் இடுகிறார். குறிப்பின் ஒரு பத்தியைப் பிறர் வெட்டிக் கைப்பேசியில் அனுப்பியவுடன், தலைப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. பத்தி அநாதையாக ஊர் சுற்றுகிறது. 'புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்தார்' என்று வாக்கியத்துள்ளேயே நூலும் ஆளும் ஆண்டும் அமைந்திருந்தால், எத்தனை முறை வெட்டினாலும் அவை உடன் செல்லும். கணினியில் தேடுவோர்க்கும் 1894 என்று தட்டிய அளவிலே அகப்படும்.