கதை கேட்டலும் சொல்லறிவும்: கி. ராஜநாராயணன் படைப்புகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

கரிசல் நிலத்து இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன், 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். 2021இல் மறையும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். வட்டார வழக்குச் சொற்களை அகராதியாக்கியவரும் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியவரும் அவரே. எனவே, கதையை வாசித்துக் காட்டிக் குழந்தைகளுக்குச் சொல்லறிவூட்டும் முறையை மதிப்பிட அவர்தம் படைப்புகள் தக்க களமாகின்றன.

கேட்டல் மட்டும் போதுமா?

கதையைக் கேட்டாலே புதுச்சொற்கள் மனத்தில் பதியும் என்னும் கருத்து ஆசிரியரிடையே பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. நியூசிலாந்துப் பள்ளிகளில் ஆய்வு நிகழ்த்தி 1989இல் முடிவுகளை வெளியிட்ட வார்விக் எல்லி, கதை கேட்பதால் சொல்லறிவு வளர்வதை உறுதிசெய்தார். எனினும் வாசிப்பினிடையே ஆசிரியர் சொற்பொருளைச் சுருக்கமாக விளக்கியபோது அவ்வளர்ச்சி இரு மடங்கிற்கும் மேலானது. ஒரு சொல் கதையில் எத்தனை முறை வருகிறது, படத்தில் காட்டப்படுகிறதா, சூழல் அதன் பொருளைப் புலப்படுத்துகிறதா என்பனவும் கற்றலைத் தீர்மானித்தன.

தமிழ்க் கதைகூறல் மரபு இவ்விளக்கத்திற்கு இயல்பாகவே இடமளித்தது. கேட்போர் ‘உம்’ கொட்டுவர். அது தடைப்படின், கதைசொல்லி நிறுத்தி, தெரிந்த சொல்லால் தெரியாததை விளக்கிப் பின் தொடர்வார். அச்சிட்ட கதையை வரிபிறழாமல் வாசிக்கும் வகுப்பறையில் இவ்வாய்ப்பு இழக்கப்படுகிறது.

வட்டாரச் சொல்லின் நிலை

கரிசல் வழக்குச் சொல் புதுச்சேரிக் குழந்தைக்குப் புதிது. ஆகவே ஆசிரியர் சிலர் அதனை நீக்கிப் பொதுச்சொல்லைப் பெய்து வாசிக்க முற்படுவர். கதை எளிதாகலாம், ஆனால் குழந்தை அடையவேண்டிய புதுச்சொல்லே அங்கு மறைந்துவிடுகிறது. திசைச்சொல்லைத் தமிழ்ச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் ஏற்றுள்ள நிலையில், வட்டாரச் சொல்லைக் குறையெனக் கருதுதல் பொருந்தாது. மறுபுறம், எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூறப் புகின் கதையின் ஓட்டம் அறுபடும். வெளிப்படையான சொற்களை விளக்க வேண்டுவதில்லை. வெளிப்படாதவற்றையே விளக்கவேண்டும் என்னும் உரியியல் நெறி இங்கும் துணைசெய்யும்.

சிறுவனொருவனின் பறவை ஈடுபாட்டை மையமாகக் கொண்ட ‘பிஞ்சுகள்’ குறுநாவல் இதற்குச் சான்று. பறவைப் பெயர்களின் செழுமை அதன் வலிமை. ஆயினும் அப்பறவைகளைக் கண்டிராத நகரக் குழந்தைக்கு, ஒருமுறை மட்டும் கேட்ட பெயர் வெறும் ஒலியாகவே எஞ்சும். இக்குறை நூலினுடையதன்று, வாசிக்கும் முறையினது. ஒரு பகுதியில் நான்கைந்து பெயர்களைத் தெரிந்து, படங்காட்டி, வேறு வேறு நாள்களில் மீண்டும் வாசித்து, புதுச்சேரியை அடுத்த ஊசுட்டேரிப் பறவைகளோடு ஒப்பிடச் செய்தால் பெயர் பொருளோடு இணையும்.

முடிவுரை

கதை சொல்லுக்குச் சூழலைத் தருகிறது; அச்சொல்லைக் குழந்தைக்கு உரியதாக்குவது ஆசிரியரின் தேர்வும் விளக்கமும் மறுவாசிப்புமே. பொருள் கேட்பதோடு தேர்வை முடிக்காமல், குழந்தையைக் கதையைத் திரும்பச் சொல்லச் செய்தலே தக்க அளவுகோல். புதுச்சொல் அதன் வாய்மொழியில் இடம்பெறும்போதே கற்பித்தல் நிறைவுறுகிறது.