பொய்த்த வரி

மோகனூரில் கரும்பு வண்டிக்கு வே பிரிட்ஜில் இரண்டு எடை: சுமையோடு ஒன்று, இறக்கிய பின் வெறும் வண்டி ஒன்று. கழித்தால் கரும்பு. அந்தக் கணக்குக்கு ஒருமுறை சி மொழியில் புரோகிராம் எழுதினேன். நிகர எடை பூஜ்யத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்று நடுவில் ஓர் அசெர்ட், அதாவது பொய்த்தால் புரோகிராமை நிறுத்திவிடும் ஓர் உறுதி வரி. ஒருநாள் அது பொய்த்தது. புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டது.

திரையில் ஒரே வரி. ஃபைலின் பெயர், வரி எண், பொய்த்த நிபந்தனை. வேறு புலம்பல் கிடையாது. அந்த வரிமேல் எனக்குத் தனிப் பிரியம். தப்பான ரசீது அச்சாகி, மூன்று வாரம் கழித்து விவசாயி வந்து சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்!

ஒரு குறை, எண்களைச் சொல்லாது. அதனால் இரண்டு எடையையும் சேர்த்து அச்சிட வைத்தேன். அடுத்த முறை பார்த்த மாத்திரத்தில் புரிந்தது: எடைகள் இடம்மாறிப் பதிவாகியிருந்தன.

நீண்ட புரோகிராமின் இடையிடையே இப்படி உறுதிகளை எழுதிவைத்துத் தனித்தனியே சரிபார்க்கலாம் என்று 1949இல் கேம்பிரிட்ஜில் சொன்னவர் கணினி முன்னோடி ஆலன் டூரிங்.

வேலை முடிந்ததும் பலர் அசெர்ட்டை அணைத்துவிடுகிறார்கள். நான் அணைப்பதில்லை.