எவருடைய சொல்?

கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். நீராவி இயந்திரங்களின் காலத்தில், இறம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றத்தில் வண்டியின் பின்னால் இன்னோர் இயந்திரத்தைப் பூட்டித் தள்ளச் செய்வர். ஏற்றம் முடிந்ததும் அது விலகிக்கொள்ளும். எழுத்தாளர் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிக்கும் இதுவே இலக்கணம். பின்னின்று தள்ளலாம், தண்டவாளத்தை மாற்றலாகாது.

மலையக எழுத்தாளனுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. அவனது கையெழுத்துப் பிரதி கடுகண்ணாவையைக் கடந்து இறங்கித்தான் கொழும்புப் பத்திரிகைகளை அடைந்தது. வழியில் திருத்துவோர் பலர். அறுபதுகளின் தொடக்கத்தில், இலக்கியத்தில் புகுந்த பேச்சுத் தமிழை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர் அதை எதிர்த்து நின்றனர். அந்த வாதத்தில் நியாயம் யார் பக்கம் என்பதில் இன்று ஐயமில்லை.

ஆயினும் நம்மை நாமே சோதித்துக்கொள்ள வேண்டும். பண்டிதர் சொல்லைத் திருத்தினார். நம்மவரோ கருவைத் திருத்த விரும்பினர். தோட்டக் கதையென்றால் துரையின் கொடுமையும் கங்காணியின் சுரண்டலும் இறுதியில் ஓர் எழுச்சியும் வேண்டும் என்று ஆலோசனை கூறும் தோழர் எக்காலத்தும் உண்டு. நோக்கம் நல்லதே. ஆனால் அது வாழ்க்கையைப் பார்க்காமல் வகுத்த சூத்திரம்.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையைப் பிறர் நம்ப மறுப்பதே அதன் மையம். உழைப்பவளுக்கு உழைப்பே மானம் என்னும் உண்மை அங்கே பிறக்கிறது. தேயிலை நிரையில் நிற்பவர்களின் மனத்தை அறிந்தவருக்கே அக்கரு வாய்க்கும். எந்த நண்பரும் அதை இரவல் தர முடியாது. நண்பர் செய்யக்கூடியது வேறு. இராமையாவின் கதைகள் 1980இல்தான் நூலுருப் பெற்றன. அவற்றை வைகறை வெளியீடாகக் கொண்டுவந்தவர் மு. நித்தியானந்தன். பின்னின்று தள்ளுதல் என்பது இதுதான்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையைச் சக்தீ பால-ஐயா தமிழாக்கினார். அது 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரில் 1969இல் கண்டியில் நூலாக வெளிவந்தது. விடியலில் தொழிலாளரை எழுப்பும் முழக்கத்துக்கு ஆங்கிலத்தில் எப்பெயரும் இடலாம். தோட்டத்தில் அது தப்பு. அந்த ஒரு சொல்லில் வேலை, சாதி, குளிர், அச்சம் யாவும் அடங்கும். சி.வி.யும் இறுதியில் மக்களின் சொல்லையே நாடினார்; அவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது.

1948ஆம் ஆண்டின் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. லயம், பிரட்டு, நிரை என்னும் சொற்களை நீக்கி 'நல்ல தமிழ்' ஆக்குவோமானால், இலக்கியத்திலும் அவர்களை நாடற்றவர்களாக்கியவர் ஆவோம்.

ஆகவே, இளம் எழுத்தாளன் ஒருவன் தன் கதையை நம் கையில் தரும்போது, "இதைவிட அழகிய சொல் எது?" என்று தேட வேண்டாம். "இச்சொல் எவருடையது?" என்று கேட்போம். அது அவனுடைய மக்களின் சொல்லாயின் தொடாது விடுவோம். நம்மிடமிருந்து இரவல் பெற்றதாயின், அதை அடித்துவிடுமாறு அவனிடம் தயங்காமற் சொல்வோம்.