கீழ்ப்படிதலும் அதிகாரமும்: அன்ரோனியா வைற்றின் நாவலிற் கன்னியர்மடப் பெண்கள்

ஆங்கில எழுத்தாளர் அன்ரோனியா வைற் (1899–1980) எழுதிய ‘ஃபுரொஸ்ற் இன் மே’ என்னும் நாவல் 1933 இல் வெளிவந்தது. 1978 இல் விறாகோ பதிப்பகத்தார் தம் நவீன இலக்கிய வரிசையின் முதல் நூலாக இதனை மறுபதிப்புச் செய்தனர். கன்னியர்மடப் பாடசாலையின் கடுமைக்கு இரையான ஒரு சிறுமியின் கதையென்றே இது பொதுவாக வாசிக்கப்படுகின்றது. அவ்வாசிப்புத் தவறன்று, ஆயின் முழுமையானதுமன்று. சிறுமியை ஒடுக்குவோரும் பெண்களே. அவர்கள் எத்தகைய பெண்கள், அவர்களது அதிகாரம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களே நாவலின் உயிர்நிலை எனலாம்.

ஒன்பது வயதில் லிப்பிங்ரன் மடத்துக்கு வரும் நன்டா கிறே, புதிதாகக் கத்தோலிக்கரான ஓர் ஆசிரியரின் மகள். உடன் பயில்வோருட் பலர் ஐரோப்பியப் பிரபுகுலச் சிறுமியர். ஆசிரியை தாம் பயின்ற றோஹாம்ற்றன் திருவிருதயக் கன்னியர்மடத்தை மனத்திற்கொண்டே இதனைப் படைத்தார். அச்சபை 1800 இல் பிரான்சில் மதலேன் சோபி பரா அம்மையாரால் தொடங்கப்பெற்றது. அவர் 1865 இல் இறக்கும்வரை அரைநூற்றாண்டுக்கு மேலாக அதன் தலைவியாயிருந்து, பல நாடுகளிலுள்ள மடங்களை ஆண்டார்.

இப்பின்னணி முக்கியமானது. நாவலின் கதை 1908 இல் தொடங்குகின்றது. பிரித்தானியப் பெண்களுள் ஒரு பகுதியினர்க்கேனும் பாராளுமன்ற வாக்குரிமை கிடைத்ததோ 1918 இலேதான். அக்காலத்தில் நிருவாகம், கல்வி, ஒழுங்கு யாவற்றையும் பெண்களே நடத்திய இடமாக லிப்பிங்ரன் காட்டப்படுகின்றது. வீட்டுக்குள் அடங்கிய மனைவியர்க்குக் கிட்டாத ஆளுமை இக்கன்னியர்க்குக் கிட்டியது. இதனை வைற் மறைக்கவில்லை. மடத்தின் அழகையும் கன்னியரது கூர்மதியையும் ஈர்ப்போடு வரைகிறார். அவ்வீர்ப்பு இல்லையேல் நன்டாவின் வீழ்ச்சி நம்மைத் தாக்கியிராது.

ஆயின் இவ்வதிகாரம் எதற்குப் பயன்படுகின்றது? மாணவியரின் கடிதங்கள் படிக்கப்படுகின்றன. இருவர் தனித்து நெருங்கிப் பழகுதல் தடுக்கப்படுகின்றது. உறங்கும்போதுங்கூட மல்லாந்து படுத்து, கைகளை மார்பிற் குறுக்காக வைத்தல் வேண்டும். இறுதியில் நன்டா இரகசியமாக எழுதிவந்த நாவல் அகப்படுகின்றது. தீயோர் யாவரும் முடிவில் மனந்திரும்புவதாக எழுதுவதே அவள் நோக்கம். கைப்பற்றப்பட்டதோ அவர்தம் உலகியல் வாழ்வைக் கூறும் முற்பகுதி மாத்திரமே. அவள் பாடசாலையை விட்டு வெளியேற்றப்படுகிறாள்.

அப்போது மதர் றட்கிளிவ் கூறும் விளக்கமே நாவலின் திறவுகோல். மனித சித்தம் முற்றாக முறிக்கப்பட்டு, மீளப் பொருத்தப்பட்ட பின்னரே இறைசித்தத்தோடு இணையும் என்பது அவர் கருத்து. அவர் கொடியவரல்லர், நன்டாவை நேசிப்பவர். தம் துறவுப் பயிற்சியிற் கற்றதையே அவர் நன்டாவுக்கும் அளிக்கிறார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டினாற் பெற்ற அதிகாரம், பிறரைக் கீழ்ப்படியச் செய்தலன்றி வேறெதனையும் வழங்க இயலாததாகிறது. பாவசங்கீர்த்தனம் கேட்கவும் பூசை நிறைவேற்றவும் வெளியிலிருந்து வரும் குருவானவரே உரியவர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். பெண்கள் ஆள்கின்றனர், ஆனால் ஆளும் விதி அவர்கள் வகுத்ததன்று.

நாவலிற் குறைகளும் உள. யாவும் சிறுமியின் கண்வழியே காட்டப்படுவதால், கன்னியரின் அகவாழ்வு நமக்கு மூடிய கதவாகவே நின்றுவிடுகின்றது. வகுப்பறையில் அவர்கள் என்ன கற்பித்தனர் என்பதும் சிறிதளவே தெரிகின்றது. சமையலும் துப்புரவும் செய்த உதவிச் சகோதரிகளோ பின்னணியில் அசையும் நிழல்களே. கற்பிப்போர், உடலுழைப்போர் என்னும் இப்பிரிவைத் திருவிருதய சபை 1964 இலேயே நீக்கியது. துறவுக்குள்ளும் புகுந்த வர்க்கபேதத்தை வைற் ஆழ்ந்து நோக்கியிருப்பின், நாவல் மேலும் கனதி பெற்றிருக்கும்.

எனினும் இதனைச் சமய எதிர்ப்பு நூலெனத் தள்ளுவது பொருந்தாது. சமயத்தை விட்டு விலகியிருந்த காலத்தில் இதனை எழுதிய வைற், 1940 இல் மீண்டும் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். மடத்தின்பால் அவர் கொண்ட பற்றும் சினமும் பிரிக்கவியலாதவை.

ஈழத்திலும் பெண்கல்வியின் வரலாறு கன்னியர்மடப் பாடசாலைகளைத் தவிர்த்து எழுதப்படக்கூடியதன்று. அவற்றுக்கு நாம் நன்றி கூறுவதுண்டு; குறை கூறுவதுமுண்டு. எழுத்தறிவித்த கையே எழுதத் துணிந்தவளின் தாள்களைப் பறிக்கவும் கூடும் என்பதைக் காட்டும் இந்நாவல், அவ்விரண்டினையும் ஒருங்கே சிந்திக்க நம்மைத் தூண்டுகின்றது. இதன் பயன் அதுவே.